பெயர் கேட்காமல் போனோம்

1954 ஏப்ரலில் ஜப்பானின் டோஹோ நிறுவனம் ‘செவன் சாமுராய்’ படத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி அதே நிறுவனத்திலிருந்து ‘காட்ஸில்லா’ வந்தது. முதல் படத்தில் சாமுராய்களின் தலைவராக நடித்த தகாஷி ஷிமுராதான் இரண்டாவதில் தொல்லுயிர் ஆய்வாளர். முதல் படத்தை எடுத்த அகிரா குரோசவாவும் இரண்டாவதை எடுத்த இஷிரோ ஹோண்டாவும் கஜிரோ யமமோட்டோ என்ற ஒரே இயக்குநரிடம் உதவியாளர்களாக இருந்து தொழில் பழகியவர்கள், கடைசிவரை நண்பர்கள். சாமுராய்களைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். காட்ஸில்லாவைச் சின்னப் பிள்ளைகளுக்கான பல்லிப் படம் என்று ஒதுக்கிவிட்டோம்.

நாம் என்று நான் சொல்வது, ஃபிலிம் சொசைட்டிகளின் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களை. சிறுபத்திரிகைகளில் சினிமா பற்றி எழுதியவர்களை. அதைப் படித்து எது நல்ல படம் என்று தெரிந்துகொண்டவர்களை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். புனே ஆவணக் காப்பகத்திலிருந்தும் தூதரகங்களிலிருந்தும் படப்பெட்டிகளை வரவழைத்து, புரொஜெக்டருக்கு ஆள் பிடித்து, பத்துப் பதினைந்து பேருக்காவது பெர்க்மனையும் சத்யஜித் ராயையும் காட்டியவர்களின் உழைப்பு பெரியது. அவர்கள் இல்லாவிட்டால் நமக்குக் கண்ணே திறந்திருக்காது. ஆனால் திறந்த கண்ணோடு ஒரு பழக்கமும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டுப் படம் என்றால் ஒன்று அது ‘உலக சினிமா’வாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் அது வெறும் ‘இங்கிலீஷ் படம்’. இத்தாலியில் எடுத்திருந்தாலும் ஹாங்காங்கில் எடுத்திருந்தாலும் அது இங்கிலீஷ் படம்தான். பேய்ப் படம், கௌபாய் படம், வாள்சண்டைப் படம், ராட்சத மிருகப் படம் எல்லாம் அந்த இரண்டாவது மூட்டையில் போய் விழுந்தன. அந்த மூட்டையை நாம் அவிழ்த்தே பார்க்கவில்லை.

காட்ஸில்லா எந்தச் சூழலில் பிறந்தது என்பதையாவது நாம் கேட்டிருக்கலாம். 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தொலைவில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘லக்கி டிராகன் 5’ என்ற ஜப்பானியப் படகின்மேல் வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சால் நோயில் விழுந்தார்கள். ரேடியோ இயக்குபவரான ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். அவர் இறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் இந்தப் படம் திரைக்கு வந்தது. படம் தொடங்குவதே நடுக்கடலில் ஒரு கப்பல் வெளிச்சப் பிழம்பில் எரிந்து மூழ்குவதோடுதான். ரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்தது இதற்குத்தானா என்று அலுத்துக்கொள்கிறாள். டோக்கியோ எரியும்போது தெருவோரம் ஒரு தாய் தன் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு, இதோ அப்பாவிடம் போய்விடுவோம் என்று தேற்றுகிறாள். போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் கண்டவர் ஹோண்டா. அந்தக் காட்சிகளில் கேலிக்கு இடமே இல்லை.

1956இல் அமெரிக்க விநியோகஸ்தர்கள் இந்தப் படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரை வைத்துப் புதிதாகச் சில காட்சிகள் எடுத்து ஒட்டினார்கள். குண்டைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. உலகத்தில் பெரும்பாலானவர்கள் பல்லாண்டுகளாகப் பார்த்தது அந்த வெட்டிய படத்தைத்தான். நாமும் அதைப் பற்றிக் காதில் விழுந்ததை வைத்தே தீர்ப்புச் சொன்னோம். அணுகுண்டு பற்றிய ஜப்பானியக் கலையைப் பேச வேண்டும் என்றபோது குரோசவாவின் ‘ட்ரீம்ஸ்’ படத்தை எடுத்துக்காட்டினோம். குரோசவாவின் கடைசி ஐந்து படங்களிலும், 1980இல் வந்த ‘ககேமுஷா’ தொடங்கி, ஹோண்டா அவருக்குத் துணையாக வேலை செய்தார் என்பதை எத்தனை கட்டுரைகளில் குறிப்பிட்டோம்? 1949இல் வந்த ‘ஸ்ட்ரே டாக்’ படத்தில், போருக்குப் பிந்தைய டோக்கியோவின் கள்ளச்சந்தையில் கதாநாயகன் நாள்கணக்கில் அலையும் பகுதி இருக்கிறது. ஆவணப்படம் போன்ற அதன் உண்மைத்தன்மையை வாய்நிறையப் புகழ்ந்திருக்கிறோம். அந்தத் தெருக்களில் கேமராவோடு அலைந்து படம்பிடித்து வந்தவர் உதவி இயக்குநராக இருந்த ஹோண்டா. முகம் தெரியாத ஷாட்டுகளில் கதாநாயகனாக நடித்த மிஃபுனேவுக்குப் பதிலாக நடந்ததும் அவரேதான். நாம் கொண்டாடிய படத்துக்குள்ளேயே அவர் இருந்தார். நமக்குத் தெரியவில்லை.

காட்ஸில்லாவின் உடுப்புக்குள் இருந்த ஹரூவோ நகஜிமாவைப் பற்றியும் கேட்கவில்லை. சிறப்புக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயா, பொம்மை நகரத்தைக் கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படம்பிடித்தார். அப்படி எடுத்தால் திரையில் அசைவு மெதுவாகும். மெதுவானால்தான் மிருகத்துக்குக் கனம் வரும். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் நரம்பின்மேல் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து அதன் உறுமலை உண்டாக்கினார். மிருகக்காட்சிசாலை ஒலிகளையெல்லாம் முயன்றுபார்த்துச் சரிவராமல்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒலியைப் பற்றி ராபர்ட் பிரெஸ்ஸோன் எழுதிய குறிப்புகளை நாம் அடிக்கோடிட்டுப் படித்தவர்கள்தான். இந்த உறுமலும் ஒலியைப் பற்றிய சிந்தனைதான் என்று நமக்குத் தோன்றவில்லை.

இத்தாலி விஷயத்தில் நாம் செய்த புறக்கணிப்பு இதைவிடப் பெரிது என்று நினைக்கிறேன். டி சிகா, ரோஸலினி, ஃபெலினி, அன்டோனியோனி, பசோலினி என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்த நமக்கு மரியோ பாவா என்ற பெயர் தெரியாமல் இருந்தது. 1914இல் சான் ரெமோவில் பிறந்தவர். அப்பா யூஜெனியோ பாவா சிற்பி, மௌனப்பட காலத்துத் தந்திரக்காட்சிக் கலைஞர். மகன் ஒளிப்பதிவாளராக இருந்து, பிறர் பாதியில் விட்டுப்போன படங்களை முடித்துக்கொடுத்து, நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் தன் பெயரில் முதல் கதைப்படம் எடுத்தார். 1960இல் வந்த ‘பிளாக் சண்டே’ அது. அதற்கு முன், 1957இல் ரிக்கார்டோ ஃப்ரெடா பாதியில் விட்டுப்போன ‘இ வம்பீரி’யை முடித்துக்கொடுத்தவர் அவர். அதில் ஓர் இளம்பெண் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில், நம் கண்முன்னே கிழவியாகிறாள். முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு மையால் வரைந்து, சிவப்பு ஒளியில் படம்பிடிக்கத் தொடங்கினார் பாவா. கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்பு ஒளியின்கீழ் சிவப்புக் கோடு தெரியாது. ஒளியை மெல்ல மெல்லப் பச்சைக்கு மாற்றினால் கோடுகள் கறுத்து எழும். செலவு என்று பார்த்தால் இரண்டு வண்ணக் கண்ணாடிக் காகிதம். இருபது வயது முகம் எண்பது வயதாவதை இன்றைய கணினியில் செய்துவிடலாம். ஆனால் அந்த ஷாட்டில் ஓர் உண்மையான முகம் உண்மையான ஒளியில் மாறுவதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

1965இல் ‘பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்’ எடுத்தபோது, வேறொரு புராணப் படத்துக்காகச் செய்த இரண்டு பிளாஸ்டிக் பாறைகள்தான் தனக்குக் கிடைத்தன என்று பாவா பிற்பாடு சொன்னார். அந்த இரண்டையும் கண்ணாடிகளால் பெருக்கி, புகையும் வண்ண ஒளியும் சேர்த்து ஒரு முழுக் கிரகத்தை உருவாக்கினார். அதில் விண்வெளி வீரர்கள் ஒரு பழைய கலத்துக்குள் ராட்சத எலும்புக்கூட்டைக் காண்பார்கள். 1979இல் வந்த ‘ஏலியன்’ பார்த்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். 1966இல் எடுத்த ‘கில், பேபி... கில்!’ நடுவில் பணம் தீர்ந்துபோனது. கூலி வராது என்று தெரிந்தும் குழு இருந்து வேலையை முடித்தது. ஒரு கிராமம், வெள்ளை உடுத்திய ஒரு சிறுமி, உருண்டு வரும் ஒரு பந்து. இவ்வளவுதான் அந்தப் படத்தில் பேய். நாயகன் ஒருவனைத் துரத்திக்கொண்டு அறைக்குள் அறையாக ஓடுகிறான். ஒவ்வொரு அறையும் முந்தைய அறையாகவே இருக்கிறது. கடைசியில் முன்னே ஓடியவனைப் பிடித்துத் திருப்பினால் அது அவனே. இரண்டு ஆண்டு கழித்து ஃபெலினி எடுத்த ‘டோபி டேமிட்’ குறும்படத்தில் பந்தோடு வரும் வெள்ளுடைச் சிறுமியைச் சாத்தானின் நவீன உருவம் என்று வியந்தவர்கள் நம்மில் உண்டு. அந்தச் சிறுமி எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று ஃபெலினிக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

சிறுபத்திரிகைக்காரர்களான நம்மிடம் இடதுசாரிச் சாய்வு உண்டு. அரசியல் சினிமா வேண்டும் என்று கேட்டோம். ‘பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படத்தைத் திரும்பத் திரும்பத் திரையிட்டோம். அதை எழுதிய ஃப்ராங்கோ சோலினாஸ் அடுத்தடுத்துக் கைவைத்தது எதில் என்று பார்த்திருந்தால், தமியானோ தமியானியின் ‘எ புல்லட் ஃபார் தி ஜெனரல்’ என்ற கௌபாய் படத்துக்கு வந்து சேர்ந்திருப்போம். மெக்ஸிகோ புரட்சி, ஆயுதம் கடத்தும் ஒரு கொள்ளைக்காரன், அவனோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் அமெரிக்கன். அமெரிக்கத் தலையீடு எப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே நுழைகிறது என்பதுதான் கதை. குதிரையும் தொப்பியும் இருந்ததால் நாம் அதைத் தொடவில்லை.

செர்ஜியோ கொர்புச்சியின் ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968) பற்றிப் பேசாமல் போக மனம் வரவில்லை. மணல்வெளிக்குப் பதிலாகப் பனி. பசியால் திருடி மலைக்கு ஓடிய ஏழைகளைத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு வேட்டையாடும் கூட்டம், எல்லாமே சட்டப்படி. அந்தக் கூட்டத்தின் தலைவனாக க்ளாஸ் கின்ஸ்கி. எதிர்த்து நிற்பவன் பேச்சிழந்தவன். ழான் லூயி ட்ரின்டின்யான் ஒரு சொல்லும் பேசாமல் நடித்தார். கணவனைப் பறிகொடுத்து நியாயம் கேட்கும் கறுப்பினப் பெண்ணாக வொனெட்டா மெக்கீ. அவர்கள் இருவருக்கும் இடையிலான காதலில் படம் அவளைக் காட்சிப்பொருளாக ஆக்கவில்லை. முடிவில் நல்லவர்கள் ஒருவரும் பிழைப்பதில்லை. கொன்றவர்கள், எல்லாம் சட்டப்படிதான் என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணப் போகிறார்கள். வேறு நாடுகளுக்காக மகிழ்ச்சியான முடிவு ஒன்றும் எடுத்து வைத்திருந்தார்கள். கொர்புச்சி தன் முடிவில்தான் நின்றார். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அந்தப் படம் 2018இல்தான் போனது. சட்டத்தின் பெயரால் நடக்கும் கொலையைப் பற்றி இவ்வளவு கோபமான படங்கள் எனக்கு அதிகம் தெரியாது. செர்ஜியோ லியோனியை மட்டும் தெரிந்துகொண்டு, அதுவும் எண்ணியோ மோரிகோனேயின் இசைக்காகத் தெரிந்துகொண்டு, நாம் நின்றுவிட்டோம்.

செக்கோஸ்லோவாகியாவிலிருந்து மிலோஷ் ஃபோர்மனும் யிர்ழி மென்ஸெலும் நமக்கு வந்தார்கள், கரெல் ஸெமான் வரவில்லை. பழைய ஜூல் வெர்ன் புத்தகங்களின் செதுக்கோவியங்களுக்குள் உயிருள்ள நடிகர்களை நடமாடவிட்டு 1958இல் அவர் எடுத்த படம் அந்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. நம் பிள்ளைகளுக்கு அதைக் காட்டியிருக்கலாம்.

ஹாங்காங் விஷயம் வேறு மாதிரி. அந்தப் படங்களை ஊரே பார்த்தது. புரூஸ் லீயும், பிறகு ‘36த் சேம்பர் ஆஃப் ஷாவொலின்’ படமும் ஓடிய ஊர்களில் கராத்தே வகுப்புகள் முளைத்தன. டிக்கெட் கவுன்டரில் முண்டியடித்தவர்களுக்கு அந்தப் படங்கள்மேல் உண்மையான அன்பு இருந்தது. எழுதத் தெரிந்த நாம் அந்த அன்போடு சேரவில்லை. லாவ் கார்லியுங்கின் அந்த ஷாவொலின் படத்தில் சண்டையைவிடப் பயிற்சிதான் அதிகம். தண்ணீர் சுமப்பதும் விழுந்து எழுவதும்தான் கதை. உடலுழைப்பு அறிவாக மாறுவதைக் காட்டும் படம் அது. ரிக்‌ஷா இழுத்துவிட்டு வந்து அதைப் பார்த்தவருக்கு அது புரிந்திருக்கும். நாம் போய் அவரிடம் கேட்கவில்லை. கிங் ஹூவின் ‘எ டச் ஆஃப் ஸென்’ 1975இல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான உயர்பரிசு வாங்கிய பிறகும் நம் பட்டியலில் ஏறவில்லை. அதில் முதல் சண்டை வரவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை இடிந்த கோட்டை, நாணல், சிலந்தி வலை, அந்தி. சண்டை அமைத்த ஹான் யிங்சியே பெய்ஜிங் இசைநாடகத்தில் பயின்றவர். அதனால் அடியெடுத்து வைப்பதும் திரும்புவதும் தாளக்கட்டுக்குள் நடக்கும், நம் தெருக்கூத்தில் மத்தள அடிக்கு வேஷம் திரும்புவதுபோல. கூத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டம் போட்ட அதே ஆட்கள்தான், கூத்திலிருந்து ஒரு சினிமா எழ முடியும் என்று காட்டிய மனிதரைக் கவனிக்காமல் விட்டோம்.

இந்த வகைப் படங்களில் குப்பை நிறைய உண்டு. பெண்ணுடல் சிதைவதை ரசனையாக விற்ற படங்கள் இத்தாலியில் வண்டிவண்டியாக வந்தன; பாவாவின் சில படங்களும் அந்தக் குற்றத்துக்கு வெளியே இல்லை. நம் ஊர்க் காலைக் காட்சிகளில் இத்தகைய படங்களை எதற்காக ஓட்டினார்கள், நடுவில் எதை ஒட்டினார்கள் என்பதும் தெரிந்ததே. நம் ஒதுக்கலுக்கு அது ஒரு காரணம், நியாயமான காரணமும்கூட. ஆனால் குப்பையையும் பொன்னையும் பிரித்துச் சொல்வதற்குத்தான் விமர்சகர் தேவை. நமக்கு வந்து சேர்ந்த பிரதிகள் வெட்டுப்பட்டவை, டப்பிங் மோசமானவை என்பதும் உண்மை. அதையே சாக்காக வைத்து நெடுங்காலம் ஓட்டினோம். இன்று ‘பிளாக் சண்டே’யும் ‘காட்ஸில்லா’வும் கிங் ஹூவின் படங்களும் ஸெமானின் படங்களும் புத்தம்புதிதாகச் சீரமைக்கப்பட்டு, முழு நீளத்தில், துணைத்தலைப்போடு கிடைக்கின்றன. சாக்கு போய்விட்டது. பழக்கம் போகவில்லை. இன்றும் நம் திரையிடல்களின் அழைப்பிதழில் அதே பத்துப் பெயர்கள்தான்.

தூரத்து நாடுகள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை. 1952இல் வில்லியம் பெர்க் என்ற அமெரிக்க இயக்குநர், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தார், தமிழில் ‘காடு’. நம் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி, அழிந்துபோன மம்மூத்களாக நடக்கவிட்டார்கள். ஹாலிவுட்டிலிருந்து ராட் கேமரூனும் சீசர் ரொமேரோவும் வந்து நடித்தார்கள். யானைக்கு ரோமப் போர்வை போர்த்திய கதையை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்க வேண்டும். 1939இல் தமிழில் ‘ரம்பையின் காதல்’ எடுத்த பி.என். ராவ் பிறகு சிங்கப்பூர் போனார். 1957இல் அங்கே ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் பேய்ப் படத்தை எடுத்தார். பிரசவத்தில் இறந்த பெண் பேயாக வரும் மலாய் நம்பிக்கை அதன் கரு. படம் சிங்கப்பூரில் பெரிய வெற்றி; அதன் பின்னால் ஒரு வரிசையே கிளம்பியது. அந்த முதல் படத்தின் பிரதி இன்று இல்லை. தயாரிப்பாளரே அதை ஒரு சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்று சொல்வார்கள். தமிழ்ப் படம் எடுத்த ஒருவர் மலாய்ப் பேய்ப்பட வரிசை ஒன்றுக்குத் தொடக்கம் போட்டிருக்கிறார். நம் தமிழ் சினிமா வரலாறுகளில் அவர் 1940களோடு காணாமல் போகிறார். 1967இல் லாகூரில் எடுத்த ‘ஜிந்தா லாஷ்’, டிராகுலா கதையைப் பாகிஸ்தானுக்குக் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் படம். நெடுநாள் மறைந்து கிடந்த அதைத் தேடி டிவிடியாக வெளியிட்டது பிரிட்டனைச் சேர்ந்த மோண்டோ மக்காப்ரோ என்ற சிறு நிறுவனம். பக்கத்து நாட்டுப் படத்தை நமக்குக் காட்ட பிரிட்டனிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

இந்தப் பாராமுகம் வெளிநாட்டோடு நிற்கவில்லை. பாவாவின் ஒளியைப் பார்க்கப் பழகாத கண்கள், ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று குதிரையும் துப்பாக்கியுமாகப் படம் எடுத்த கர்ணனின் கேமராவையும் பார்க்கவில்லை. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர், பாவாவைப் போலவே. ஓடும் குதிரையோடு கேமராவை எப்படி ஓட்டினார், வண்டியில் கட்டினாரா, தண்டவாளம் போட்டாரா என்று அவர் இருந்த காலத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 1963இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்துப் பறக்கும் தட்டு வருகிறது. எம்.ஜி.ஆர். படம் என்ற அளவில்தான் அதைப் பேசினோம், அந்தத் தட்டைச் செய்த கையைப் பற்றிப் பேசவில்லை.

எஸ். பாலச்சந்தரிடம் நாம் நடந்துகொண்ட விதத்தில் நம் குறை முழுவதும் தெரியும். அவருடைய ‘அந்த நாள்’ வந்ததும் காட்ஸில்லா வந்த அதே 1954இல்தான். குரோசவாவின் ‘ரஷோமோன்’ தொடர்பு இருந்ததால், பாட்டில்லாத படம் என்பதால், அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். பிறகு அவர் எடுத்த ‘பொம்மை’யும் (1964) ‘நடு இரவில்’ படமும் (1970) வெறும் மர்மப் படங்கள் என்று சொல்லிக் கீழே வைத்தோம். ‘பொம்மை’யில் வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி ஊர் சுற்றுகிறது. ஒளியும் ஒலியும் அந்தப் பொம்மையின் பின்னாலேயே போகின்றன. படம் முடிந்ததும் பாலச்சந்தரே திரையில் தோன்றி, நடிகர்களோடு நிற்காமல் தன் படத்தில் வேலை செய்த தொழில்நுட்பக் கலைஞர்களையும் பார்வையாளர்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். அந்தக் காட்சி இன்றும் இருக்கிறது. அதில் வந்துபோகும் கலைஞர்களில் பெரும்பாலானவர்களைப் பற்றி நாம் ஒரு பத்தி எழுதவில்லை.